ஒரே வளவில் ஒஸ்ரினும் மைனரும்

என் சகலனுக்கு ஒரு பொருளைத் தனியாகப் பார்க்கத் தெரியாது. ஒரு மாம்பழத்தைக் கையில் கொடுத்தால் மணந்து பார்த்துவிட்டு, "மற்றதையும் தாரும், பாப்பம்" என்பார். மற்றது என்று ஒன்று இல்லாவிட்டால் கையில் இருப்பது அவருக்கு இனிக்காது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் போன கிழமைக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டோடும், செத்த வீட்டுக்கு வந்த சனத்தைப் போன மாதம் செத்தவர் வீட்டுக்கு வந்த சனத்தோடும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார். அப்படி ஒரு பிறவி.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கனடாவில் இருக்கிற அவருடைய மகள் ரெலிபோன் எடுத்து, "சித்தப்பா, அப்பாவைப் பற்றி உப்பிடி எழுதலாமோ?" என்று ஒரு மணித்தியாலம் கதைப்பாள். அவருடைய வாயும் மூக்கும் அவளுக்கு அப்படியே.

எங்கள் மாமனார் சண்டிலிப்பாயில் புகையிலை வியாபாரி. அவருக்கு இரண்டே இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். மனிசன் பெரிய வளவை நடுவால் பிரித்துக் கிடுகுவேலி அடைத்து இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்று கட்டினார். மாப்பிள்ளைமாருக்குச் சீதனத்தோடு ஆளுக்கொரு கார். மூத்த மாப்பிள்ளைக்கு ஒஸ்ரின் ஏ-40. சில வருஷம் பிந்தி வந்த எனக்கு மொரிஸ் மைனர். இரண்டும் வெள்ளைக்காரன் ஐம்பதுகளில் செய்த கார்கள். எங்களிடம் வரும்போதே இரண்டுக்கும் வயது போய்விட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தில் காருக்கு வயது பார்ப்பதில்லை.

பெண் பார்க்க நான் போன அன்றைக்கு அவர் என்னைப் பார்க்க வரவில்லை, மைனரைப் பார்க்கத்தான் வந்தார். மாமனார் அதை வாங்கி மாமரத்தடியில் விட்டிருந்தார். சகலன் சேர்ட்டுக் கையை மடித்துக்கொண்டு அதைச் சுற்றி நடந்தார். பொனற்றைத் திறந்தார். குனிந்து அடியைப் பார்த்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "மாஸ்ரர், உமக்குத் தந்தது சின்னன். ஆனா நல்ல சாமான்" என்றார். நான் படிப்பிப்பது விஞ்ஞானம். அன்றிலிருந்து அவருக்கு நான் மாஸ்ரர், எனக்கு அவர் அண்ணை.

ஒஸ்ரினுக்குக் கியர்த் தடி ஸ்ரேரிங்கோடு ஒட்டியிருக்கும். மைனருக்கு அது நிலத்தில் இருந்து முளைத்து நிற்கும். இதைப் பற்றி மட்டும் நாங்கள் கதைத்த கதையைச் சேர்த்து வைத்தால் ஒரு பள்ளிக்கூடத் தவணை காணாது.

"முன் சீற்றிலை நெருக்கி மூண்டு பேரை இருத்தலாம் என்ரை காரிலை. உம்மடை காரிலை ஒரு மொத்தமான மனிசியை இருத்தினாக் கியர் போடக் கை போகாது."

"என்ரை மனிசி மெலிவு அண்ணை. கை போகும்."

"ஏற்றத்திலை ஒஸ்ரினைப் பாக்கவேணும், மாஸ்ரர்."

"யாழ்ப்பாணத்திலை ஏற்றம் எங்கை கிடக்கு?"

"ஏற்றம் இல்லாதது காரின்ரை பிழையே?"

இப்படி என்னை மடக்கிவிட்டு எழும்பிப் போய் ஒஸ்ரினின் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு தானாகவே தொடங்குவார். "ஆனா ஒழுங்கையிலை வெட்டித் திருப்புறதெண்டா உம்மடைதான். சொன்ன உடனை கேக்கும். என்ரை சாமான் யோசிச்சுப்போட்டுத்தான் திரும்பும்." அவர் சண்டைக்காரர் இல்லை. வெல்லவும் வேண்டும், வென்றது நியாயமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த ஆளோடு பக்கத்து வீட்டில் இருப்பது லேசான காரியமில்லை.

ஒருமுறை ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனோம். வடக்குக் கரையை ஆமிக்காரர் அடைக்க முந்திய காலம். இரண்டு காரும் ஒரே நேரம் வெளிக்கிட வேண்டும், எது முதலில் கேணியடிக்குப் போகிறது என்று பார்ப்பம் என்றார். நான் சரி என்றேன். விடிய எழும்பிப் பார்த்தால் மனிசன் ஒஸ்ரினின் டிக்கிக்குள் மூன்று சாக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு நிற்கிறார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் இருக்கிறா.

"உதென்ன அண்ணை, தகப்பனுக்குப் பிதிர்க்கடன் கழிக்கப் போறியளோ, தேங்காய் விக்கப் போறியளோ?"

"என்ரை எஞ்சின் பெரிசு. சும்மா ஓடினா உது நியாயமில்லை. பாரத்தைப் போட்டுச் சமப்படுத்தவேணும்."

தோற்றார். நான் குளித்துத் திருநீறு பூசி உடுப்பும் மாற்றின பிறகுதான் ஒஸ்ரின் புகைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. அடுத்த வருஷம் இரண்டு சாக்கு ஏற்றினார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும். எல்லாவற்றையும் எடை போடுகிற மனிசன் இதை மட்டும் ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. ஒரு திவசச் சாப்பாட்டில் என் மனைவியின் பெரியம்மா ஒருத்தி, "மூத்தவளுக்குத்தான் குடுத்து வைச்சிருக்கு. இளையவளுக்கு என்ன கிடக்கு, ஒரு கார்" என்றாள். அவர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். மாமி பின்னால் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அந்தக் கிழவி செத்த வீட்டுக்கும் போகவில்லை. அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்துப்போனது, அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு மகன் கனடாவுக்குப் போய்விட்டான். தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்க, அவர் கிளாக்கராக வேலை செய்த சீமெந்து ஆலையும் நின்றது. ஆனையிறவால் போக முடியாது, பூநகரியால் போக முடியாது. மின்சாரம் இல்லை, ரெலிபோன் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றறி கொண்டுவரத் தடை. குடாநாட்டை ஒரு சாடிக்குள் போட்டு மூடியால் இறுக்கின மாதிரி. வெளியே போவதென்றால் கிளாலியில் பொழுது சாய வள்ளம் ஏறிக் கடலேரியைத் தாண்ட வேண்டும். அதற்கும் ஊரை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும்.

குண்டு போடப் பொம்மர் வந்தால் பங்கருக்குள் ஓடுவோம். வேலிக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பங்கர். அவர் தன்னுடையதையும் என்னுடையதையும் ஒப்பிட்டு, என்னுடையதில் ஈரம் குறைவு என்று கண்டுபிடித்து, குடும்பத்தோடு எங்களுடையதற்குள் வந்துவிட்டார். நான்கு பேர் இருக்க வெட்டின குழிக்குள் ஐந்து பேர். மேலே விமானம் சுற்றும். மகள் நடுங்கிக்கொண்டு சித்தியின் மடியில் முகத்தை வைத்திருப்பாள். அவர் என் காதுக்குள், "மாஸ்ரர், நிலத்திலை கிடக்கிற கியர் தேயாது எண்டு போன கிழமை சொன்னீர். எப்பிடி எண்டு விளங்கப்படுத்தும் பாப்பம்" என்பார். எனக்கு விசர் வரும். பதில் சொல்லாமலும் இருக்க முடியாது. சொல்லச் சொல்ல விமானம் போய்விடும்.

ஒருநாள் அப்படிக் குழியை விட்டு வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றபோது சொன்னார்: "எவ்வளவு ஓட்டம் ஓடினாலும் இப்ப ரெண்டு காரும் கிளாலிக் கரையோடை சரி. அங்காலை ஓட ரோட்டில்லை. இனி எதை வைச்சு மாஸ்ரர் ஒப்பிடுறது?"

ஆனால் ஒப்பிட இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அந்த நாட்களில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் தொங்கும். அதன் குழாயைத் திறந்துவிட்டு ஹான்டிலால் சுற்றி எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஒஸ்ரினில் எஞ்சின் சுற்றச் சுற்ற எரிபொருள் பம்பும் சேர்ந்து வேலை செய்யும். மைனருக்குப் பம்ப் கறண்டில்தான் வேலை செய்யும். என் பற்றறி அரைவாசி செத்தது; பொறி தட்டக் காணும், பம்பை ஓட்டக் காணாது. ஒஸ்ரின் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தது. மைனர் மாமரத்தடியில் நின்றது.

இருபது வருஷப் பேச்சுக்கு முடிவு வந்துவிட்டது, இனி இந்த மனிசனின் ஆட்டத்தைத் தாங்கேலாது என்று நினைத்தேன். அவர் இரண்டு நாள் வெளியில் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தகரப் பேணியும் ரப்பர்க் குழாயும் கொண்டு கிடுகு விலகிய வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து புகுந்து வந்தார். பம்பே தேவைப்படாமல் மேலிருந்து எண்ணெய் தானாக இறங்கும்படி பேணியை மைனரின் பொனற்றுக்குள் உயரத்தில் கட்டினார். கை முழுக்கக் கீறல்.

"நீங்கள் வென்றிட்டியள்தானே அண்ணை. பேந்து ஏன் உந்தக் கரைச்சல்?"

"பற்றறி வராதது காரின்ரை குறையில்லை. ஊரை மூடி வைச்சிருக்கிறாங்கள். இதைக் கணக்கிலை சேர்க்கேலாது."

மைனர் ஒழுங்கை முடியும் மட்டும் ஓடி நின்றது. அவருக்கு அது போதும்.

மகளுக்குச் சம்பந்தம் சரி வந்தது. மாப்பிள்ளை ரொறன்ரோவில். கொழும்புக்கு வந்து தாலி கட்டுவதாகப் பேச்சு. பெண்ணைக் கொண்டுபோய்த் தாரை வார்த்துக் கொடுக்கத் தாயும் தகப்பனும் போக வேண்டும். பாஸ் தருகிற கந்தோரில் குடும்பத் தலைவனுக்கு ஒரு பிணை கேட்டார்கள். போகிறவர் திரும்பி வரும்வரை பிணை நிற்கிறவர் வீட்டில் ஒருவருக்கும் பாஸ் இல்லை. வராமலே விட்டால், பிணை நின்றவர் கடைசிவரை குடாநாட்டுக்குள்தான். ஊரில் யார் யாருக்குப் பிணை நிற்பார்கள்? கூடப் பிறந்தவர்களே தலையைச் சொறிந்தார்கள்.

அவர் வேலிப் பொட்டில் குனிந்தபடி நின்றுகொண்டு கேட்டார். "என்ரை தம்பியையும் உம்மையும் வைச்சுப் பாத்தன். அவனுக்கு நாலு பிள்ளையள், நாளைக்கு வெளியிலை அனுப்ப வேண்டி வரும். உமக்கு அந்த அந்தரம் இல்லை." சொல்லிவிட்டு, தான் எதைச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்து, அப்படியே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் வாய் திறக்க முன் என் மனைவி, "இவர் நிப்பார் அத்தான். நீங்கள் பிள்ளையின்ரை அலுவலைப் பாருங்கோ" என்றாள்.

ஒரு மாதத்தில் வருவேன் என்றார். ஒஸ்ரினின் திறப்பை என் கையில் தந்து, "நிப்பாட்ட முன்னம் பெற்றோலுக்கு மாத்திப்போட்டு நிப்பாட்டும். மறந்தீரோ, அடுத்தமுறை ஸ்ராட் வராது" என்று மூன்றுதரம் சொன்னார். நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவன் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவர்கள் போய் இரண்டு கிழமை இருக்கும். ஒரு காலை என் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். இடது கண்ணுக்குள் யாரோ கை விட்டுப் பிசைவது மாதிரி இருக்கிறது என்றாள். குமட்டிச் சத்தி எடுத்தாள். சைக்கிளில் இருக்க அவளால் முடியாது. ஒஸ்ரினை எடுக்க ஓடினேன். ஸ்ராட் வரவில்லை. போன கிழமை கடைசியாக ஓடிவிட்டு மண்ணெண்ணெயிலேயே நிப்பாட்டியிருக்கிறேன். எஞ்சின் முழுக்க மண்ணெண்ணெய். அதைக் கழற்றி ஊற்றிப் பெற்றோல் விட்டுச் சுற்றி எடுப்பதற்குள் அவள் இரண்டாம்தரம் சத்தி எடுத்துவிட்டாள். அந்த நேரம் அந்த மனிசன் பக்கத்தில் நின்று என்னை ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உடுவிலில் ஓய்வுபெற்ற கண் வைத்தியர் ஒருவர் வீட்டில் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"கண்ணுக்குள்ளை அழுத்தம் ஏறியிட்டுது. இடது கண் போட்டுது எண்டே நினையும். மற்றதுக்கும் வரும். அதுக்கு முன்னம் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சின்ன ஒப்பரேசன் ஒண்டு செய்யவேணும். இஞ்சை என்னட்டை அதுக்குச் சாமானும் இல்லை, மருந்தும் இல்லை."

"எவ்வளவு நாள் பொறுக்கலாம் டொக்டர்?"

"அதை ஆர் சொல்லுறது. நாளைக்கும் வரலாம்."

பாஸ் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்த பெடியன் என்னிடம் படித்தவன். எழும்பி நின்று, "சேர்" என்றான். கதையைக் கேட்டான். முகத்தில் இரக்கமும் இருந்தது. ஆனால், "உங்கடை சகலன் வரட்டும் சேர். வந்தவுடனை நீங்கள் போகலாம்" என்றான். மனைவியை மட்டும் அனுப்பக் கேட்டேன். ஒரே வீடு என்றான். இன்னொரு நாள் போய்க் கத்தினேன். அவன் எழும்பி நின்றபடியே கேட்டுக்கொண்டு நின்றான்.

மாதம் முடிந்தது. வரவில்லை. இரண்டாம் மாதம் பிறந்தது. கொழும்பால் வந்த ஒருவர், அவரை வெள்ளவத்தையில் கண்டதாகச் சொன்னார். கனடா விசாவுக்கு மனிசியும் அவரும் ஓடித் திரிகிறார்களாம், மகன் கூப்பிட்டிருக்கிறானாம். சந்தியில் நிற்கிறவர்களும் கேட்கத் தொடங்கினார்கள்: "கிளாலி தாண்டினவர் இனி இந்தக் கிடங்குக்குள்ளை திரும்பி வருவாரே, மாஸ்ரர்?" பிழை சொல்லவும் முடியாது. அப்படிப் போனவர்களில் திரும்பி வந்த ஒருவரை எனக்குத் தெரியாது.

என் மனைவி இடது கண்ணைச் சீலைத் துண்டால் மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அரிசி புடைப்பாள். விளக்கைப் பார்த்தால் சுற்றி வட்டம் தெரிகிறதா என்று நான் நாளுக்கு நாலுதரம் கேட்பேன். அது அடுத்த கண்ணுக்கும் வருவதற்கு அடையாளம். "அத்தான் வருவார்" என்பாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "உன்ரை அத்தான் ரொறன்ரோவையும் சண்டிலிப்பாயையும் ரெண்டு கையிலையும் வைச்சுக்கொண்டு எது பாரம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறார். நீ குருடாப் போனாப்பிறகுதான் முடிவு வரும்" என்று கத்திவிட்டு ஒஸ்ரினின் சில்லுக்கு ஓங்கி உதைத்தேன். கால்தான் நொந்தது.

வந்தார். ஒரு காலை நான் கிணற்றடியில் நிற்க, செருப்பு அறுந்த காலோடு, முழங்கால் மட்டும் உப்புப் படிந்த காற்சட்டையோடு, தனியாக வந்து வேலிப் பொட்டில் நின்றார். அக்கா வரவில்லை.

"பிந்திப் போட்டுது மாஸ்ரர். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கேல்லை, கலியாணம் தள்ளிப்போய்த்தான் நடந்தது. பேந்து விசா அலுவல்."

"விசா?"

"ரெண்டு பேருக்கும் கிடைச்சிட்டுது. அக்கா அங்கை நிக்கிறா. நான் இல்லாமல் பிளேன் ஏறமாட்டன் எண்டுறா."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

இதைக் கேட்க நான் விரும்பவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் கிணற்றுக் கட்டில் வந்து சாய்ந்துகொண்டு, காரைப் பற்றிக் கதைக்கிற அதே குரலில் சொன்னார். "நீர் பிணை நிண்டீர். நான் வராமல் விட்டா நீர் மேலை, நான் கீழை. சாகுமட்டும் அந்தக் கணக்கு மாறாது. அதோடை ரொறன்ரோவிலை எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

அப்போது என் மனைவி சத்தம் கேட்டு வெளியே வந்தாள். சீலைத் துண்டைக் கண்டதும் அவருக்கு முகம் செத்துப்போனது. எப்போதிருந்து என்று கேட்டார். நான் சொன்னேன். அந்த ஈர மண்ணில் அப்படியே இருந்துவிட்டார். தான் வெள்ளவத்தையில் ஜவுளிக்கடைப் படி ஏறி இறங்கிய நாட்களை விரலில் எண்ணி எண்ணிச் சொல்லி அழுதார். என் மனைவிதான் அவரைக் கையில் பிடித்து எழுப்பிவிட்டாள்.

அன்றைக்கே பாஸ் கந்தோருக்குப் போனோம். என் பிணை கழிந்தது. இப்போது எங்கள் இருவருக்கும் ஒரு பிணை வேண்டும். அந்தப் பெடியன் வாய் திறப்பதற்கு முன்னரே அவர் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்துவிட்டார். அடுத்த நாள் ஒஸ்ரினில் எங்களைக் கிளாலிக்குக் கொண்டுபோனார். தென்மராட்சி ரோட்டெல்லாம் எங்களுக்குப் பின்னால் வெள்ளைப் புகை. கரையில் நான், "ஒரு மாதத்திலை வந்திடுவன் அண்ணை" என்றேன். "முதல்லை கண்ணைப் பாரும்" என்றார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. வலது கண் தப்பியது. வெள்ளவத்தையில் அக்கா இருந்த அறைக்குப் பக்கத்து அறையில்தான் தங்கினோம். கறண்ட் இருந்தது. ஃபான் சுற்றியது. ரோட்டில் வந்த பெற்றோல் வாசம்கூட எனக்குச் சுகமாக இருந்தது. தெரிந்தவர்கள் எல்லாம் நல்ல புத்தி சொன்னார்கள்: இங்கேயே ஒரு பள்ளிக்கூடம் பாரும், மாஸ்ரர். இந்த மனிசனை நினைத்து எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னை யாரும் கட்டி வைக்கவில்லை, கதவு திறந்து கிடக்கிறது, ஆனால் அவரை அங்கே பிணையாக விட்டுவிட்டு என் பாட்டில் இருக்க முடியவில்லை. அக்கா ஒருநாளும், எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. சோறு போடும்போது அவருக்கும் ஒரு தட்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பா. கடைசியில் நான் என் மனைவியிடம், நீ அக்காவோடு நில், நான் போகிறேன் என்றேன். "ஒரு கண்ணோடை நான் ஆரைப் பாத்துக்கொண்டு இஞ்சை நிக்கிறது. நானும் வாறன்" என்றாள்.

நாங்கள் படலையைத் திறந்தபோது அவர் மைனருக்குக் கீழே படுத்துக் கிடந்தார். கால் இரண்டும் வெளியே தெரிந்தன. சத்தம் கேட்டு ஊர்ந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், பிறகு அவளுடைய கண்ணைப் பார்த்தார். கிட்ட வந்து, "என்ரை விரலைப் பார், பிள்ளை" என்று இரண்டு விரலைக் காட்டினார். அவள் இரண்டு என்றாள். சாரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீர் வரமாட்டீர் எண்டுதான் நினைச்சன், மாஸ்ரர்."

எனக்குச் சுருக்கென்றது. "எப்ப நினைச்சனீங்கள்?"

"கையெழுத்து வைக்கேக்கை."

"தெரிஞ்சுகொண்டோ பிணை நிண்டனீங்கள்? அக்கா அங்கை நிக்க?"

"அவவின்ரை கண் போகுது. அதிலை ஒப்பிட என்ன கிடக்கு?" என்றார். எரிச்சலோடுதான் சொன்னார், விளங்காத மாணவனுக்குச் சொல்வது போல.

மூன்றாம் நாள் பாஸ் கந்தோரில் நான் மறுபடியும் அவருக்குப் பிணை நின்றேன். இந்தமுறை காரை நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்துகொண்டு நான் கியர் மாற்றுவதில் பிழை பிடித்துக்கொண்டே வந்தார். கிளாலியில் சனம் பையும் பெட்டியுமாக நின்றது. வள்ளக்காரன் பெயர் கூப்பிட்டான். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஒரு மாதம், மாஸ்ரர். அக்காவைப் பிளேன் ஏத்திப்போட்டு வந்திடுவன்" என்றார்.

"வரவேண்டாம் அண்ணை. அக்காவோடை நீங்களும் ஏறுங்கோ."

"விசர்க்கதை கதையாதையும். நீர் இஞ்சை பிணை நிக்க, நான் அங்கை நிண்டா உம்மடை பக்கம் எல்லே மேலை போகும்?"

"போகட்டும். ஒருக்காலாவது நான் மேலை நிண்டிட்டுப் போறன்."

தண்ணீருக்குள் ஒரு கால், கரையில் ஒரு கால். அப்படியே நின்று என்னைப் பார்த்தார். வள்ளக்காரன் இரண்டாம்தரம் பெயரைக் கூப்பிட்டான்.

"சரி, நீர் வென்றிட்டீர்" என்றார். திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தில் ஏறினார்.